ஓட்டுநர் எங்கே போனார்?

ஓட்டுநரில்லா லாரியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறியின் வரலாற்றையே எழுதுகின்றனர். உணரிகள், கணினிகள், ஓடிய தொலைவு என அது நீளும். அதே சான்றுகளை ஓட்டுநரைத் தேடியபடி வாசித்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தம் இருக்கையிலிருந்து எழுந்து வேறோர் இடத்தில் சென்று அமர்ந்திருக்கிறார்.

2004 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு மொஹாவி பாலைவனத்தில் நடத்திய போட்டியையே பலரும் தொடக்கமாகக் கொள்வர். அதற்கு வெகுகாலம் முன்னரே, 1987இல், ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் கேமராக்கள் பொருத்திய ஐந்து டன் மெர்சிடிஸ் வேனை வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் தானே ஓடச் செய்திருந்தார். மொஹாவியிலோ மிக அதிகத் தொலைவு சென்ற ஊர்தியே ஏறத்தாழ 12 கி.மீ. கடந்து நின்றுபோயிற்று.

வணிக வெற்றி முதலில் கிடைத்தது சுரங்கங்களில். 2008இல் சிலி நாட்டின் கேப்ரியேலா மிஸ்த்ரால் செப்புச் சுரங்கத்தில் கொமாட்சு நிறுவனத்தின் தானியங்கி லாரிகள் பணிக்கு வந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ரியோ டின்டோ அவற்றைச் சோதிக்கத் தொடங்கியது. பொதுமக்கள் நுழையாத, வரைபடம் முழுதும் அறியப்பட்ட தனியார் நிலம் அது. பில்பரா லாரிகளைக் கண்காணிப்போர் பின்னர் ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவில் பெர்த் நகரில் அமர்ந்திருந்தனர்.

பொதுச் சாலையின் கதை இவ்வளவு எளிதன்று. 2016 அக்டோபரில் ஓட்டோ நிறுவனத்தின் லாரி கொலராடோவில் ஏறத்தாழ 190 கி.மீ. பீர் ஏற்றிச் சென்றபோது ஓட்டுநர் பின்புறப் படுக்கையில் இருந்தார். காவல்துறை வண்டிகள் உடன் சென்றன. 2019இல் ஸ்டார்ஸ்கி நிறுவனம் புளோரிடாவில் ஆளில்லாமல் 15 கி.மீ. ஓட்டியபோது தொலைவிலிருந்து ஒருவர் துணைநின்றார். 2021 டிசம்பரில் டூசிம்பிள் நிறுவனம் அரிசோனாவில் 130 கி.மீ. ஓட்டியபோது முன்னும் பின்னும் துணை வண்டிகள். 2025இல் டெக்சாஸின் டல்லஸ் – ஹூஸ்டன் தடத்தில் ஓட்டுநரில்லா வணிகச் சேவையைத் தொடங்கியதாக அரோரா அறிவித்தது; அதே மாதத்தில், லாரியைத் தயாரித்த நிறுவனத்தின் வேண்டுகோளால், ஒரு பார்வையாளரை முன் இருக்கையில் அமர்த்தியது. இவற்றில் ஓட்டோவின் லாரிப் பிரிவை ஊபர் 2018இல் மூடியது, ஸ்டார்ஸ்கி 2020இல் மூடப்பட்டது. வரலாற்று மாணவர் தோல்விகளைத் தனியே ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது நன்று. நிறுவனங்கள் அவற்றைச் சேர்த்துவைப்பதில்லை.

ஓட்டுநர் பற்றாக்குறையே இத்தொழில்நுட்பத்தின் தேவைக்குக் காரணம் என்று தொடர்ந்து கூறப்படுகிறது. இதை அப்படியே ஏற்க இயலாது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் சட்டம் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் ஊதியமும் தொழிற்சங்க வலுவும் சரிந்தன. நெடுந்தொலைவுப் பணியில் சேர்வோர் விரைவில் விலகுகின்றனர். ஊதியம் உயர்ந்தால் ஆட்கள் வருவர் என்பதே பொருளியலாளர்கள் பர்க்ஸ், மொனாக்கோ இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். பற்றாக்குறை எனப்படுவது பெரும்பாலும் ஊதியத்தின் மறுபெயர்.

மிகத் தெளிவான சான்று ஒரு சிறு முக்கோணத்தில் இருக்கிறது. சாலையில் லாரி நின்றுவிட்டால் பத்து நிமிடங்களுக்குள் ஓட்டுநர் இறங்கி நடந்து மூன்று எச்சரிக்கைச் சின்னங்களை வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இறங்க ஆளில்லாத லாரி என்செய்யும்? லாரியில் பொருத்தப்பட்ட ஒளிரும் விளக்கு போதும் என்று வேமோவும் அரோராவும் விலக்குக் கோரின. 2024 இறுதியில் கூட்டரசு அமைப்பு மறுத்தது. அரோரா நீதிமன்றம் சென்றது. ஓட்டுதல் என்பது திருப்புசக்கரத்தைப் பிடிப்பது மட்டும் என்ற கருத்து அவ்விதியின் முன் நிற்கவில்லை. சரக்கின் கட்டுகளைச் சோதித்தல், டயரைத் தட்டிப்பார்த்தல், தாள்களில் கையொப்பம் பெறுதல் ஆகியனவும் அவ்வேலையே.

இந்தியாவில் ஓட்டுநரில்லா வாகனங்களை அனுமதிக்க இயலாது என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் கூறினார். வேலையிழப்பே அவர் காட்டிய காரணம். எத்தனை பேரின் வேலை என்ற கணக்கு நம்மிடையே அடிக்கடி பேசப்படுகிறது. அவ்வேலை என்னென்ன என்ற கணக்கை, குறிப்பாக லாரியின் கிளீனர் செய்துவரும் பணிகளை, யாரேனும் ஆய்வேடாக எழுதினால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன்.