வடிகட்டியும் தூசியும்: சித்தூர், திருப்பதிச் சாலைகளில் ஒரு தேர்வின் வரலாறு

2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் ஜப்பானின் இசுசு நிறுவனம் அமைத்த ஆலை திறக்கப்பட்டது. டி-மேக்ஸ் என்னும் டீசல் பிக்கப் வண்டி அங்கே உருவாகிறது. ஆலை இருக்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்றைய எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வர, சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 4 முதல் அது திருப்பதி மாவட்டம். ஆட்சி எல்லை இவ்வாறு மாறினாலும், வண்டி உதிரிபாகங்களுக்கு அவ்வட்டாரத்தின் அருகிலுள்ள பெருஞ்சந்தை இன்றும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைதான். ஒரு பிக்கப் வண்டிக்கு நிறுவன முத்திரையுள்ள ஏர் ஃபில்டரை வாங்குவதா, வெளிச்சந்தைத் தயாரிப்பை வாங்குவதா என்னும் கேள்வி வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குச் சிறியதன்று. எஞ்சினே அவருடைய முதல். பெரும்பாலும் கடன் வாங்கிய முதல்.

எஞ்சின் குடிப்பது டீசலைவிடக் காற்றையே மிகுதியாக. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். முதலில் வந்த டி-மேக்ஸ் வண்டிகளின் 2.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, டர்போவின் கூடுதல் அழுத்தத்தைச் சேர்க்காமலேயே, நிமிடந்தோறும் ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றில் என்ன மிதக்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். குப்பம் பகுதி கருங்கல் குவாரிகளுக்குப் பெயர்பெற்றது. கருங்கல்லில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் உண்டு. அது சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. வடிகட்டியைத் தாண்டிய துகள் எண்ணெய்ப் படலத்தில் சிக்கி, பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் இடையே அரத்தூள்போல் தேய்க்கும். அதே தூசியைச் சுவாசிக்கும் கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரலில் அது சிலிக்கோசிஸ். அந்நோயைச் சுரங்கச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்திருந்தன. எஞ்சினுக்கு வடிகட்டி இல்லாமல் வண்டியை எந்த முதலாளியும் ஓட்டுவதில்லை. முகக்கவசம் இல்லாமல் கல்லுடைப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கட்டுரைக்கு உரிய பொருள்.

எஞ்சினுக்குள் தூசி புகாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் வயலிலிருந்தே வலுப்பெற்றது. உழும் டிராக்டரே தன் தூசியைத் தானே எழுப்பி அதையே உறிஞ்சியது. டிராக்டர் விற்பனையாளரான ஃபிராங்க் டொனால்ட்சன், தூசியால் பழுதான ஒரு வண்டிக்காகக் காற்றுத் துப்புரவுக் கருவியைச் செய்து 1915-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் பரவியது எண்ணெய்க் குளியல் முறை. உள்ளே வரும் காற்று கீழே உள்ள எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் சட்டென்று திரும்பும். கனமான துகள்கள் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். எஞ்சியவற்றை எண்ணெயில் நனைந்த கம்பி வலை பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் இதைச் சுமந்தே பாலைவனங்களைக் கடந்தது. போருக்குப்பின் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்பைத் தயாரித்தபோது இம்முறையும் உடன்வந்தது. நம் டிராக்டர்களில் அதை நெடுங்காலம் காண முடிந்தது.

இம்முறைக்குக் குறை இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் தணிந்து, துகள்கள் விழாமல் கடந்துவிடும். ஆயினும் அதற்கு ஒரு சமூகக் குணம் உண்டு: உரிமையாளருக்கு அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு. மண்ணெண்ணெயில் அலசிப் புது எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது. வாங்குவதற்குப் பொருளே இல்லை. எனவே போலி என்ற கேள்வியும் எழவில்லை.

மடித்த காகித வடிகட்டி இந்நிலையைப் புரட்டிப்போட்டது. அமெரிக்கக் கார்களில் 1950களில் பரவிய இது பின்னர் டீசல் வண்டிகளுக்கும் வந்தது. பிசின் ஊட்டிய செல்லுலோஸ் காகிதம் எண்ணெய்க் குளியலைவிட மிக நுண்ணிய துகளையும் பிடித்தது. ஆனால் அதன் தரம் கண்ணுக்குப் புலப்படாது. நல்ல காகிதமும் மட்டக் காகிதமும் கடையில் ஒரே மஞ்சள் நிறம். பட்டறைப் பேச்சில் ‘கம்பெனி ஐட்டம்’, ‘லோக்கல்’, ‘டூப்ளிகேட்’ என்ற மூன்று வகை பிரிந்தது இந்தப் புலப்படாமையால்தான் என்று கொள்ளலாம். தரத்தின் இடத்தில் முத்திரை அமர்ந்தது. முத்திரையை எளிதில் அச்சடிக்கலாம்.

அளவிட வழியில்லாமல் இல்லை. ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் பன்னாட்டுத் தரமுறை வடிகட்டியின் மூன்று குணங்களைச் சோதிக்கிறது: எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எவ்வளவு தூசியைத் தாங்குகிறது, காற்றோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது. சோதனைக்குரிய தூசியின் மூதாதை அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன மண். விளம்பரங்களில் வரும் ‘99 விழுக்காடு’ என்ற எண்ணை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். 99 விழுக்காடு பிடிக்கும் வடிகட்டிக்கும் 99.8 விழுக்காடு பிடிக்கும் வடிகட்டிக்கும் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றே தோன்றும். உள்ளே விடும் தூசியைக் கணக்கிட்டால் முன்னது ஐந்து மடங்கு. குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஐந்து மடங்கே எஞ்சினின் ஆயுள்.

பஞ்சுத் துணியில் எண்ணெய் பூசிய, கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டிக்கு இன்னொரு வரலாறு. 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தோன்றிய கே அண்ட் என் நிறுவனத்தோடு அதன் பெயர் இணைந்துள்ளது. மோட்டார் சைக்கிள்களும் பந்தயமும் சேர்ந்த சூழலில் வளர்ந்த பொருள் அது. பந்தயத்தில் காற்றோட்டமே முதன்மை; எஞ்சினை ஓட்டத்துக்கு ஓட்டம் பிரித்துப் பார்க்க ஆளுண்டு. அந்தத் தேவையை அப்படியே மாம்பழக் கூடை ஏற்றும் வண்டிக்கு மாற்றுவது பொருந்துமா? டீசல் எஞ்சினின் ஆற்றலைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு. தொழிற்சாலை அமைப்பில் உள்ள டர்போ வண்டிக்குச் சுத்தமான காகித வடிகட்டியே போதிய காற்றைத் தருகிறது. கூடுதல் காற்றோட்டத்தால் ஓட்டுநர் உணரத்தக்க வலு கிட்டும் என்ற எதிர்பார்ப்புக்கு வலுவான அடிப்படை இல்லை. மேலும் காற்றின் அளவை உணரும் நுண்ணிய உணரி உள்ள வண்டிகளில், மிகையாகப் பூசிய எண்ணெய் அதன்மேல் படியலாம் என்று பட்டறைக்காரர்கள் எச்சரிப்பர்.

திருப்பதிப் பக்கம் சிக்கல் வேறு. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்த கியரில் வரிசையாக ஏறும் வண்டி, முன்செல்லும் வண்டியின் புகையையே உறிஞ்சும். கரித்துகள் குவார்ட்ஸைப்போல் உலோகத்தை அறுப்பதில்லை; ஆனால் எடை அதிகம் இல்லாமலேயே காகிதத்தின் துளைகளை அடைத்துவிடும். ஆக, குப்பத்துக்குப் போகும் வண்டிக்கு நுண்மையும் தூசி தாங்கும் அளவும் முக்கியம். மலைப்பாதை வண்டிக்குக் குறித்த காலத்தில் மாற்றுவது முக்கியம். ஒரே பெட்டியில் வரும் ஒரே ஃபில்டருக்கு இரண்டு கணக்கு.

இரண்டிலும் பரவலான ஒரு பழக்கம் தீமை செய்கிறது. கம்ப்ரசர் காற்றால் ஃபில்டரை அடித்துச் ‘சுத்தம்’ செய்வது சிக்கனம் என்று நம்பப்படுகிறது. காகித வடிகட்டி புதிதாக இருக்கும்போதைவிட, மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்தபின்தான் நன்றாகப் பிடிக்கும். அப்படலமே அடுத்த துகளுக்குச் சல்லடை. பலத்த காற்று அதைக் கலைப்பதோடு காகிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை உண்டாக்கும். எண்ணெய்க் கிண்ணத்தை அலசிய தலைமுறையின் கைப்பழக்கம், பொருந்தாத பொருளின்மேல் தொடர்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெளிச்சந்தை ஃபில்டர் அனைத்தும் தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. வண்டி நிறுவனங்களுக்கே வடிகட்டி செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தம் பெயரிலும் விற்கிறார்கள். அவை விலையில் குறைந்தும் தரத்தில் நிகராகவும் இருக்கக்கூடும். பெரும்பாலும் பிழைப்பது காகிதத்தில் அன்று, ஓரத்து ரப்பர் விளிம்பில். பெட்டியோடு அது சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று காகிதத்தைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போகும். எந்த விழுக்காட்டுக்கும் அப்போது பொருளில்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்குச் சோதனைச்சாலையைத் தேடுவதில்லை. புதிய ஃபில்டர் மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். விரலில் மண் ஒட்டினால் அந்த ஃபில்டரை, பெட்டியில் யார் பெயர் இருந்தாலும், கழற்றிவிடுவார்கள்.