பத்மநாபதாசரின் வாள்

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். சந்நிதிப் படியில் வாளை வைத்தார். இறைவனின் ஊழியராக அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களை ஒடுக்கியும் காயங்குளம் முதலிய அண்டை நாடுகளைப் பிடித்தும் சேர்த்த நிலம் ஒரே நாளில் தெய்வச் சொத்தானது. திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர்கள் ஆனார்கள். அரசனை எதிர்ப்பது இனி தெய்வ துரோகம்!

முடிசூட இரணியகர்ப்பம் என்றொரு சடங்கும் இருந்தது. பஞ்சகவ்யம் நிறைந்த பெரிய தங்கப் பாத்திரத்துக்குள் மன்னர் இறங்கி மூழ்கி எழுவார். மறுபிறவி எடுத்ததாகக் கணக்கு. பிறகு அந்தப் பொன் அந்தணர்களுக்குத் தானமானது.

பொன்னுக்கு மறுபுறம் தலைவரி இருந்தது. அதைச் சுமந்த நாடார் குடும்பங்களின் பெண்கள் தோள்சீலை அணியவும் தடை. 1859இல் அந்தத் தடையைத் தளர்த்தி வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றே நிபந்தனை போட்டது. எத்தனை கொடுமை இது!

அந்த ஆணைக்கு முன்பே சாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர், அரசனை எதிர்ப்பது தெய்வ துரோகம் என்ற கதையின் ஆணிவேரிலேயே கைவைத்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அப்போதும் அவர் பத்மநாபதாசர்தான்.