நடுக்கதவுகள்

ஒரு கோப்பு பிறக்கும்போதே அதை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பது முடிவாகிவிடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இதற்கு மூன்று இலக்கங்கள்: உரிமையாளர், குழு, மற்றவர். 600 என்றால் உரிமையாளருக்கு மட்டும். 644 என்றால் மற்றவர்களும் படிக்கலாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால், என்றோ யாரோ தேர்ந்தெடுத்த எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் டிஃபால்ட்.

ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான பைத்தான் ஃபிரேம்வொர்க். அதில் பல ஆண்டுகள் ஒரு விசித்திரம் இருந்தது. பதிவேற்றும் கோப்பு 2.5 எம்பிக்குள் இருந்தால் பெரும்பாலான சர்வர்களில் 644 கிடைக்கும். அதைத் தாண்டினால் முதலில் தற்காலிகக் கோப்பாக விழும். அதைப் பைத்தான் பாதுகாப்புக்காக 600 என்றே உருவாக்கும்; இடம் மாற்றினாலும் எண் ஒட்டிக்கொண்டே வரும். விளைவு, சின்னப் படம் தளத்தில் தெரியும், பெரிய படம் தெரியாமல் போகும். 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்புதான் டிஃபால்ட்டை 644 என்று நிறுத்தியது.

தானியங்கிச் சோதனைகளுக்கு இந்த மாதிரிப் பிழைகள் எளிதில் சிக்காது. தெம்பனிஸ் வீவக வீட்டு கேட்டுக்குப் புதுப்பூட்டு போட்டு, நம்ம சாவியால நாமே திறந்து பார்த்தா திறக்கத்தானே செய்யும்? தாழ்வாரத்தில் போகிற இன்னொருவர் இழுத்துப் பார்க்கணும். சோதனையை ஓட்டும் கணக்கே கோப்புக்கும் உரிமையாளர் என்பதால், திறந்து பார்ப்பது போதாது. எண்ணையே படித்து ஒப்பிட வேண்டும். ஜாங்கோவின் சோதனைகள் அப்படித்தான் செய்தன.

அப்படியும் ஒன்று தப்பியது. கோப்புறைக்குள் கோப்புறையாக உருவாக்கும்போது, நாம் கேட்கும் எண்ணைக் கடைசிக் கோப்புறைக்கு மட்டும் கொடுப்பதாக, 2018இல் வந்த பைத்தான் 3.7 மாறியது. நடுவில் இருப்பவற்றுக்குக் கணினியின் டிஃபால்ட். ஜாங்கோவின் சோதனை ஒரே ஒரு கோப்புறை ஆழம்தான் பார்த்தது. அதனால் பச்சை விளக்கு அணையவே இல்லை. பூட்டியதாக நினைத்த நடுக்கதவுகள், அதே சர்வரில் கணக்குள்ள மற்றவர்களுக்குத் திறந்து கிடந்திருக்கலாம். உள்ளிருக்கும் கோப்பைப் படிக்க முடியாவிட்டாலும், யார் பெயரில் கோப்புறை இருக்கிறது என்று தெரிவதே சில இடங்களில் ஆபத்து. ஒரு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள்.

2020 செப்டம்பர் 1 அன்று பாதுகாப்புத் திருத்தம் வந்தது. கூடவே சோதனையில் பாதை ஓரடுக்கு நீண்டது. இப்போது இரண்டு கோப்புறைகளின் எண்ணும் சரிபார்க்கப்படுகிறது.

சோதனை நிரலை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. ஆனால் காரணம் தெரிந்து படித்தால் அது கல்வெட்டு மாதிரி: இந்த இடத்தில் ஒருமுறை கதவு திறந்து கிடந்தது என்று அந்தக் கூடுதல் வரி சொல்லும்.