மதிலைத் தாண்டிய மருத்துவம்

காய்ச்சல் வந்தால் அண்டை வீட்டாருக்குச் சொல்லுகிறோம். கை முறிந்தால் ஊரே வந்து விசாரித்துப் போகிறது. மனம் நோயுற்றால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறோம். பெண்ணுக்கு மணம் ஆகாதே, குடும்பத்துக்குப் பழி வருமே என்ற அச்சத்தில், நோயாளியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். இந்தக் கதவு சிறிது சிறிதாகத் திறந்த வரலாறே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று பெங்களூரிலேயே எழுதப்பட்டது. ஆதலின் ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் குடியேறி வாழும் தமிழ் மக்கள் அதனைத் தம் வரலாறாகவே கொள்ளலாம்.

ஆங்கிலேயர் காலத்து மனநோய் மருத்துவம் மதிற்சுவரிலிருந்தே தொடங்கிற்று. 1794-ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் ஒரு காப்பகம் நிறுவினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. பெங்களூரிலும் சென்ற நூற்றாண்டுக்கு முன்னரே இத்தகைய காப்பகம் ஒன்று இருந்தது. 1925-இல் மைசூர் அரசாங்கம் அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியும் மதில் மாறவில்லை. உள்ளே சென்றவரைச் சுற்றத்தார் மறந்துவிடுவதும் மாறவில்லை. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை நாட்டின் நிலையைக் கணக்கிட்டுக் காட்டிற்று. 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்ற விகிதத்திலேயே அன்று மனநோய் மருத்துவமனைகள் இருந்தன. அவையும் நகரங்களிலேயே இருந்தன. கிராமத்தானுக்கு எஞ்சியவை கோயிலும் தர்காவும் மந்திரவாதியுமே.

சுதந்திரத்துக்குப் பின் இரு திசைகளிலிருந்து மாறுதல் வந்தது. ஒன்று, புதிய மருந்து. 1952-இல் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசைன் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. கட்டிப் போடவேண்டிய நோயாளி வீட்டிலேயே இருந்து தேறலாம் என்ற நிலை உண்டாயிற்று. மற்றொன்று, குடும்பத்தின் வருகை. அமிர்தசரசு மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், 1950-களில், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வெளியிலேயே கூடாரங்களில் தங்கவைத்து, சிகிச்சையில் பங்கு கொள்ளச் செய்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தினர் உடனிருப்பதையே முறையாகக் கொண்டது. மேலை நாட்டார் பிற்காலத்தில் வியந்து பேசிய இம்முறை, நோயாளியைத் தனியே விட மனமில்லாத நம் நாட்டுக் குடும்பப் பாசத்திலிருந்து பிறந்தது எனலாம்.

பெங்களூரில் 1954-இல் அகில இந்திய மனநலக் கழகம் நிறுவப்பட்டது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநராக விளங்கினார். பழைய மருத்துவமனையும் இக்கழகமும் 1974-இல் ஒன்றாக இணைந்து, இன்று யாவரும் அறிந்த நிம்ஹான்ஸ் ஆயின. மறு ஆண்டே, 1975-இல், அங்கே சமுதாய மனநலப் பிரிவு ஒன்று தோன்றியது. பன்னேர்கட்டாவை அடுத்த சகலவாரா என்னும் சிற்றூரில் ஒரு கிராம மனநல நிலையம் அமைத்து, அப்பிரிவினர் தம் பணியைத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் வடக்கே சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் இதே சோதனையில் ஈடுபட்டிருந்தனர்.

சகலவாராவில் நடந்தது என்ன? மனநோய் நிபுணர்கள் நாடெங்கும் மிகச் சிலரே; கிராமந்தோறும் ஒருவரை அனுப்புதல் இயலாது. ஆதலால் ஏற்கெனவே கிராமத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும், வீடு வீடாகச் சென்று அம்மை குத்தும் சுகாதார ஊழியருக்கும் இக்கலையைக் கற்பித்தால் என்ன என்று எண்ணினர். தானே பேசிக்கொள்ளுதல், காரணமின்றி ஐயுறுதல், உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு, வலிப்பு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகிய அறிகுறிகளை ஊழியர் கண்டறிவார்; மருத்துவர் சில எளிய மருந்துகளைத் தருவார்; ஊழியர் மீண்டும் சென்று, நோயாளி மருந்து உண்கிறாரா என்று பார்ப்பார். கடினமான நோய் மட்டும் நகரத்துக்கு வரும். டாக்டர் சீனிவாச மூர்த்தி, டாக்டர் மோகன் ஐசக் முதலியோர் இப்பயிற்சிக்கு உருவம் கொடுத்தவர்கள்.

இந்த அனுபவங்கள் வீண் போகவில்லை. 1982-இல் இந்திய அரசாங்கம் தேசிய மனநலத் திட்டத்தை ஏற்றது. ஒரு முழு மாவட்டத்தில் இம்முறை நிற்குமா என்பதை 1980-களின் பிற்பகுதியில் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் சோதித்துப் பார்த்தது. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றுள் தமிழ்நாட்டின் திருச்சியும் ஒன்று. இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அது விரிந்துள்ளது. ஆயினும் மருந்து தடைப்படுவதும், பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போவதும் திட்டத்தைப் பல இடங்களில் பலவீனப்படுத்தியிருக்கின்றன.

திட்டம் எட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் கொடியவர் அல்லர். வேறு வழி அறியாத பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அத்துயரம் உச்சநீதிமன்றம் வரை எட்டியது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று விதித்துவிட்டது.

இதனால் கோயிலையும் தர்காவையும் பழிப்பது முறையாகாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். ஆறு வார அளவில் நோயின் கடுமை ஓரளவு தணிந்திருந்தது; அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். அன்பு மருந்துக்குத் துணையாகும். மருந்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளலாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

ஊரார் கை கொடுத்தால் என்ன விளையும் என்பதையும் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ஸ்கார்ப் என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் பணிபுரிந்தனர். புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு, நகரத்து மருத்துவரோடு தொலைக்காட்சி வழியே உரையாடும் வசதி கொண்ட ஊர்தியை அனுப்பினர். திருப்போரூர், கோவா, சதாரா ஆகிய இடங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் மனச்சிதைவு நோயாளிகளின் வீடு தேடிச் சென்று உதவும் முறையை ஆராய்ந்த முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. அவற்றுள் பயன் மிகுதியாகக் காணப்பட்ட இடம் திருப்போரூரே.

2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநோயால் துன்புறுவதைக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர். இவ்விடைவெளியில்தான் வெளியூர்த் தமிழருக்கு ஒரு கடமை இருக்கிறது. பிழைக்க நகரம் வந்தவரின் சொல்லுக்குச் சொந்த ஊரில் தனி மதிப்புண்டு. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, பூட்டிய அறையில் ஒருவர் இருப்பாரானால், அவருக்காக நாம் பேசவேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி உறவினருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. மருத்துவம் மதிலைத் தாண்டிக் கிராமத்து வாயில்வரை வந்து நிற்கிறது. வீட்டுக் கதவைத் திறப்பது வீட்டாரின் பொறுப்பு.