விசை எடுப்புத் தண்டு: சிறு டிராக்டர்களில் ஓசை வேறுபாடு

விசை எடுப்புத் தண்டு என்பது டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைப் புல்வெட்டி, ரோட்டாவேட்டர், மருந்துத் தெளிப்பான் போன்ற கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் வரிப்பள்ளத் தண்டு. வயலிலும் பட்டறையிலும் இதைப் பி.டி.ஓ. என்றே சொல்வார்கள். சிறு டிராக்டர்கள் பலவற்றில் பின்தண்டு, நடுத்தண்டு என இரண்டு உண்டு. இரண்டையும் ஒரே எஞ்சின்தான் ஓட்டுகிறது. ஆனாலும் அவற்றின் ஓசை ஒன்றுபோல் இருப்பதில்லை.

வரலாறு

குதிரை இழுத்த அறுவடைக் கருவிகளில் தரையில் உருளும் பெரிய இரும்புச் சக்கரமே வெட்டும் கத்தியை இயக்கியது. ஈர நிலத்தில் சக்கரம் வழுக்கினால் கத்தியும் நின்றுவிடும். இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பிரான்ஸைச் சேர்ந்த கூஷி என்னும் உழவர். இயந்திர வேலையும் அறிந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தன் டிராக்டரிலிருந்து ஒரு தண்டை நீட்டிக் கதிர் கட்டும் கருவியை நேரடியாக ஓட்டினார். அதைப் பார்த்து வியந்த எட்வர்ட் ஜான்ஸ்டன் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனப் பொறியாளர். 1918இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 8-16 டிராக்டரில் விசை எடுப்புத் தண்டு இடம்பெற்றது. பெயர் நிறுவனத்துக்குப் போனாலும் அதற்குத் தூண்டுதல் அந்த உழவரின் தண்டே.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் தண்டின் அளவையும் வேகத்தையும் ஒழுங்குபடுத்தினர். அதிலிருந்து நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகம் நிலைபெற்றது. 1940களின் இரண்டாம் பாதியில் கனடாவின் காக்‌ஷட் 30 டிராக்டர், வண்டி நின்றாலும் தொடர்ந்து சுழலும் தண்டைப் பரவலாக்கியது. 1950களின் இறுதியில் 1000 சுற்றுத் தண்டும் தரநிலையில் சேர்ந்தது.

வகைகள்

540 சுற்றுத் தண்டு 35 மி.மீ. விட்டமும் 6 வரிகளும் உடையது. 1000 சுற்றுத் தண்டு இரு வகைப்படும்: 35 மி.மீ. விட்டத்தில் 21 வரிகள் கொண்டது ஒன்று, 45 மி.மீ. விட்டத்தில் 20 வரிகள் கொண்டது மற்றொன்று. சிறு டிராக்டரின் பின்தண்டு பெரும்பாலும் 540 சுற்று வகை. வயிற்றடியில் தொங்கும் புல்வெட்டிக்கான நடுத்தண்டு பொதுவாக 2000 முதல் 2500 சுற்று வரை ஓடும். இயக்கும் முறையிலும் மூன்று வகை உண்டு: கியர்பெட்டியோடு சேர்ந்து ஓடுவது, இரட்டைக் கிளட்சில் ஓடுவது, எண்ணெயில் மூழ்கிய, பல தட்டுகள் கொண்ட கிளட்சால் தனித்து ஓடுவது.

ஓசையின் காரணங்கள்

வேகமே முதற்காரணம். 540 சுற்றில் தண்டு நொடிக்கு 9 முறை சுழலும்; 2000 சுற்றில் ஏறக்குறைய 33 முறை. இரண்டிலும் 20 பல் கொண்ட கியர் இருப்பதாகக் கொண்டால், பின்தண்டில் நொடிக்கு 180 பற்களும் நடுத்தண்டில் சுமார் 667 பற்களும் வந்து பொருந்தும். அதனால் பின்தண்டு தணிந்த குரலில் முனகும். நடுத்தண்டு காதைத் துளைக்கும் சீழ்க்கையாக ஒலிக்கும். நேர்ப்பல் கியரைவிடச் சாய்பல் கியர் அமைதியானது.

இரண்டாவது, பற்களுக்கு இடையே விடப்படும் சிறு இடைவெளி. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் 1000 சுற்றில் நொடிக்கு 25 முறை வெடித்துத் தள்ளுகிறது. கருவி மாட்டாமல் தண்டை மட்டும் ஓடவிட்டால், ஒவ்வொரு தள்ளலிலும் பற்கள் முன்னும் பின்னும் மோதிக் கடகடக்கும். புல்வெட்டியை மாட்டிச் சுமை ஏற்றியதும் பற்கள் ஒரே பக்கம் அழுந்திக்கொள்ள, அந்தச் சத்தம் அடங்கிவிடும். ஆகவே வெறுந்தண்டின் கடகடப்பு பழுதின் அறிகுறி அன்று. சுமை ஏற்றிய பிறகும் சத்தம் நீடித்தால் தாங்கு உருளையையும் எண்ணெய் மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் தண்டுக்கு வெளியே, கருவியை இணைக்கும் சிலுவை மூட்டில் இருக்கிறது. மூட்டு 20 பாகை வளைந்தால், 540இல் சீராக வரும் சுழற்சி அதைக் கடந்ததும் 507க்கும் 575க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். இணைப்புத் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு மூட்டுகளின் வளைவும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். ரோட்டாவேட்டரை உயரத் தூக்கும்போது வளைவு கூடும். அப்போது தண்டை ஓடவிட்டால் தடதடவென்று அதிரும். தூக்குமுன் தண்டை நிறுத்துவதே முறை.

இன்றைய நிலை

இந்திய மினி டிராக்டர்களில் 540 சுற்றுப் பின்தண்டே பொது வழக்கு. சிலவற்றில் உள்ள சிக்கன முறையில், எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போதே தண்டு 540 சுற்றை எட்டுவதால் மொத்த இரைச்சல் குறைகிறது.