உழைப்பவன் குரல்

நாம் வாழும் உல்லாஸ்நகருக்கு 1949-இல் அடிக்கல் நாட்டியவர் மூதறிஞர் இராஜாஜி. சிந்தி அகதிகளுக்காக எழுந்த இவ்வூர், பிழைப்பு நாடி வந்த தமிழர்க்கும் நிழல் தந்தது.

இங்கிருந்து இரயிலேறிப் பம்பாய்ப் பஞ்சாலைக்குச் சென்ற இளந்தொழிலாளி, தன் காலில் நிற்கவும், தனக்காகப் பேசுவோரைத் தானே தேர்ந்துகொள்ளவும் விழைந்தான். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சமதர்மத்தைச் சேர்த்தது. ஆயினும், 1946-ஆம் ஆண்டுப் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி, பஞ்சாலைத் தொழிலாளர் அனைவர்க்கும் ஒரே பிரதிநிதிச் சங்கமே பேசியது.

கூலி உயரவும் இந்நிலை மாறவும் வேண்டி, 1982 ஜனவரி 18 அன்று, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 இலட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 1983-இல் 13 ஆலைகளின் நிருவாகத்தை அரசே ஏற்றது; அச்சட்டமோ அப்படியே நின்றது.

ஆலையை அரசு ஏற்பது மட்டும் சமதர்மமன்று. உழைப்பவன் குரல் அவனுடையதாதலே சமதர்மம் என்போம்.