லிபரேட்டரும் எங்கள் வீடும்

தாம்பரம் விமானதளத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விமானம் ஒரு இரைச்சல்தான். பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். போர்க்காலத்தில் அந்தத் தளம் பிரிட்டிஷ் கடற்படையின் கையிலும் இருந்தது. பக்கத்துப் பரங்கிமலையிலிருந்து 1944இல் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வங்கக்கடல் மேல் ரோந்து போயின.

பெரியப்பா பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராப்டில் பிட்டர். ஓய்வுபெற்றுச் சேலையூரில் குடியேறியவர். “வெள்ளைக்காரன் உடைச்சுப் போட்டது, நாங்க பூட்டுனதுடா” என்பார். நம்பியதில்லை. அவர் இறந்தபின் டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் அதன் இறக்கைக்குக் கீழே போய் நின்றேன். நுனிக்கு நுனி 110 அடி.

அவர் சொன்னது உண்மை. போர் முடிந்ததும் கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அமெரிக்க விமானங்களைத் திருப்பித் தரவேண்டும், இல்லை அழிக்கவேண்டும். கான்பூரில் நின்றவற்றைக் கடப்பாரையால் குத்தி, எஞ்சினில் மணலைக் கொட்டிப் போனார்கள். ‘விடுதலை தருபவன்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட யந்திரம், விடுதலை அடைந்த நாட்டுக்குக் குப்பையாக வாய்த்தது! 1948இல் அந்தக் குப்பையிலிருந்து ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி, ஏறக்குறைய 40 விமானங்களைப் பறக்கச் செய்தார்கள். 1968வரை இந்திய விமானப்படையில் ஓடின. கான்பூரிலிருந்து பெங்களூருக்கு அவற்றை ஓட்டிவந்த ஜாம்ஷெட் முன்ஷியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். பொறியாளர் ஓரிருவர் பெயரும் உண்டு. ஸ்பானர் பிடித்தவர்கள் ‘தொழிலாளர்கள்’ என்ற பன்மைக்குள் கரைந்துபோனார்கள். தேசியப் பெருங்கதையாடலின் இலக்கணம் இது.

இன்னொரு அழிப்பு அமெரிக்காவில் நடந்தது. கான்பூரில் மீண்ட விமானம் ஒன்றை 1984இல் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. 1989இலிருந்து 2019வரை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. போர்வீரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குண்டு அறையின் நடுவே ஒரு சாண் அகல நடைபலகையில் ஒருக்களித்து நடந்து, ‘எங்க தாத்தா இங்கேதான் உட்கார்ந்திருப்பார்’ என்று கண்கலங்கினார்கள். அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த விமானத்தில் அமெரிக்கத் தாத்தா யாரும் போருக்குப் போகவில்லை. 1944இல் செய்துமுடித்த கையோடு பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனது அது. பிறகு இருபது ஆண்டு இந்திய வாழ்க்கை. அதன்மேல் மூன்று முறை வேறு வேறு அமெரிக்க விமானங்களின் பெயரையும் நிறத்தையும் பூசினார்கள், கடைசியாக ‘விட்ச்கிராப்ட்’. உறவு என்பது ஓட்டியவனுக்கு மட்டுமே வாய்க்கும் சொத்தா? பூட்டியவனுக்குக் கிடையாதா?

சரி, பெரியப்பாவுக்கும் ஒரு பெயர்ப்பலகை வைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? அங்கேதான் எனக்கு இடறுகிறது. லிபரேட்டருக்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். 1944-45இல் சயாம்-பர்மா ரயில் பாதையின் பாலங்களையும் நிலையங்களையும் குண்டுவீசித் தாக்கியவை இவையே. அந்தப் பாதையில் ஜப்பானியர் மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழர்கள் கல் சுமந்தார்கள். காலராவும் பசியும் கொன்றது போக மிச்சமிருந்தவர்களின் தலைக்குமேல்தான் குண்டறைக் கதவு திறந்தது. குண்டுக்கு யார் கைதி, யார் கூலி என்று தெரியாது.

பெரியம்மாவின் அண்ணன் மலேயாவில் ரப்பர் பால் எடுக்கப் போனவர். ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதாக ஒரே ஒரு சேதி வந்தது. அதோடு சரி. பெரியப்பா லிபரேட்டர் கதையை எடுத்தாலே அவங்க எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாங்க.